ஒண்ணும் ஆகலையே!

சென்ற வாரம் கடற்கரைச் சாலையில் எனக்கும் என் நண்பர் ஒருவருக்கும் வாய்த்தகராறு. எங்கள் இருவர் வயதையும் கூட்டினால் நூற்றைம்பதைத் தாண்டும். நடைப்பயிற்சிக்கு வந்தவர்கள் திரும்பிப் பார்த்துவிட்டுப் போனார்கள். வீட்டுக்கு வந்து கஞ்சி குடித்து முடித்த பிறகும் கோபம் அடங்கவில்லை. ஆகவே வழக்கமான பழைய புதுவைக் கதைகளை இந்த முறை ஒத்திவைத்துவிட்டு, பனியைப் பற்றி எழுதுகிறேன்.

வெயிலில் காயும் நமக்குப் பனி எதற்கு என்று தள்ளிவிடாதீர்கள். நம்மில் எத்தனை பேர் வீட்டில் ஒரு பிள்ளையாவது பிரான்சில் இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். பிப்ரவரி விடுமுறை வந்தால் அந்தப் பேரப்பிள்ளைகள் மலைக்குப் போகிறார்கள். நாம் இங்கிருந்து வாட்ஸ்அப்பில் "பத்திரமா போயிட்டு வா" என்று சொல்லிவிட்டு, கடமை முடிந்ததென்று சீரியல் பார்க்கப் போகிறோம்.

என் நண்பர் பிரெஞ்சு ராணுவத்தில் பதினைந்து வருடம் இருந்துவிட்டு வந்த சொல்தா. அவருடைய பேரன் கிரனோபிளில் படிக்கிறான். அங்கே இரண்டு நாள் விடாமல் மழை. மலையில் 2,000 மீட்டர் உயரம் வரைக்கும் பனிக்குப் பதில் மழையாகவே கொட்டியிருக்கிறது. மூன்றாம் நாள் காலை வானம் வெளுத்து வெயில் அடிக்கும் என்று சொன்னதும், பையன் மூன்று நண்பர்களோடு பெல்தோன் மலைக்குப் புறப்படத் திட்டம் போட்டுவிட்டான். சறுக்குப் பலகையின் அடியில் ஒட்டுத்துணி மாட்டிக்கொண்டு ஆள் நடமாட்டமில்லாத சரிவில் ஏறி, மறுபடி சறுக்கிக்கொண்டே இறங்கும் விளையாட்டு அது. விஷயத்தைக் கேட்டதும் "வேண்டாம் என்று சொல்லய்யா, குறைந்தபட்சம் பனிச்சரிவு அறிக்கையையாவது படிக்கச் சொல்" என்றேன்.

"முசியே, நீ பைல் தூக்கினவன். உனக்கு எதை எடுத்தாலும் காகிதம் வேணும். அது ஆபீஸ்காரன் தன் தலையைக் காப்பாத்திக்க எழுதுற காகிதம். மழைதான் நின்னுடுச்சே!"

பையன் போனான். சாயங்காலம் பத்திரமாகத் திரும்பினான். நீல வானம், வெள்ளை மலை, நான்கு சிரித்த முகங்கள் என்று படமும் அனுப்பினான். அந்தப் படத்தை என் மூக்குக்கு நேரே நீட்டி நண்பர் சொன்ன வார்த்தைதான் இந்தக் கட்டுரையின் தலைப்பு.

பையன் திரும்பி வந்ததில் அவரை விட எனக்குச் சந்தோஷம் குறைவில்லை. என் சண்டை பையனோடு அல்ல, அந்த வார்த்தையோடு. அதைப் போல ஆளைக் கொல்லும் வார்த்தை மலையில் வேறு கிடையாது.

என் மகள் கிரனோபிளில் இருப்பதால் இரண்டு குளிர்காலங்களை அங்கே கழித்திருக்கிறேன். ஷார்த்ரோஸ், வெர்கோர், பெல்தோன் என்று மூன்று மலைத்தொடர்கள் சுற்றி நிற்க, நடுவே கடல் மட்டத்திலிருந்து 200 மீட்டர் சொச்சத்தில் கிடக்கும் ஊர் அது. வெளியே போனால் எனக்கு மூச்சு முட்டும். எனவே வீட்டில் உட்கார்ந்து கைக்குக் கிடைத்ததையெல்லாம் படித்தேன். மெத்தேயோ பிரான்ஸ் தினமும் மாலை நான்கு மணி வாக்கில் ஒவ்வொரு மலைத்தொடருக்கும் தனித்தனியாகப் பனிச்சரிவு அறிக்கை வெளியிடும். பிரெஞ்சு வழியில் படித்த பயனுக்கு அதை ஒரு வரி விடாமல் படிப்பேன். நாற்பது வருடம் கோப்புப் படித்த கண்ணுக்குப் பழக்கம் விடுமா?

அப்படிப் படித்துத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். மலையில் கிடக்கும் பனி ஒரே கட்டி இல்லை. ஒவ்வொரு முறை விழுந்த பனியும் ஒரு படுகையாக, பாய்மேல் பாய் விரித்தது போலக் கிடக்கிறது. இதன்மேல் மழை பெய்தால் முதலில் எடை ஏறும். 50 மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு சதுர மீட்டருக்கு 50 கிலோ. அடுத்து, பனித்துகள்களை ஒன்றோடொன்று கோத்து வைத்திருக்கும் பிடிப்பை ஈரம் கரைத்துவிடும். அதற்கும் மேலே, தண்ணீர் கீழே இறங்கி, நடுவில் எங்காவது பழைய உறைபடலம் இருந்தால் அதன்மேல் தேங்கி வழுக்கலை உண்டாக்கும். தரை வரைக்கும் போய்விட்டாலோ, செங்குத்தான புல் சரிவில் பனி மொத்தமும் பாயைச் சுருட்டி இழுத்த மாதிரி நழுவி வரும். புதிதாக விழுந்த பனியில் மழை பட்டால் மழை பெய்துகொண்டிருக்கும்போதே சரிவுகள் தானாக இறங்கும். இது எல்லோருக்கும் தெரியும். கொட்டும் மழையில் யாரும் மலையேறப் போவதும் இல்லை.

சிக்கல் மழை நின்ற பிறகுதான் ஆரம்பிக்கிறது. மூன்று விதமாக ஆரம்பிக்கிறது.

ஒன்று, இரவு உறைந்ததா இல்லையா என்பது. மழைக்குப் பின் மேகமில்லாத இரவு வந்தால் பனியின் மேல்பரப்பு சூட்டை வானத்துக்கு விட்டுவிட்டு இறுகிப்போகும். அதைப் பிரெஞ்சில் ரெஜெல் என்பார்கள். மேகம் மூடிய இரவு என்றால் உறையாது, காலையிலும் பனி நேற்றைய சேறாகவே இருக்கும். உறைந்த இரவிலும்கூட இறுகுவது பல சமயம் மேலே சில அங்குலம்தான், அதற்குக் கீழே ஈரம் அப்படியே இருக்கும். வெயில் ஏறினால் அந்த ஓடு இளகும். முதலில் கிழக்குச் சரிவு, பிறகு தெற்கு, பிற்பகலில் மேற்கு. காலை எட்டு மணிக்குக் கல் மாதிரி தாங்கிய சரிவு மதியம் ஒரு மணிக்கு ஆளை விழுங்கும்.

இரண்டு, நன்றாக உறைந்துவிட்டால் வரும் ஆபத்து. அன்றைக்குப் பனிச்சரிவு பயம் குறைவு. அறிக்கையிலும் எண் குறைந்திருக்கும். ஆனால் சரிவு முழுக்கக் கண்ணாடி. கால் வழுக்கினால் பிடித்து நிற்க ஒன்றும் இல்லை, பாறையோ மரமோதான் நிறுத்தும். அறிக்கையில் இருக்கும் எண் பனிச்சரிவைப் பற்றியது மட்டும். வழுக்கி விழுவதைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை. காலணியில் கிராம்போன் என்கிற இரும்பு முள் மாட்டாமல் அங்கே கால் வைப்பது, பாசி பிடித்த கிணற்றுப் படியில் எண்ணெய்க் காலோடு இறங்குவதற்குச் சமம்.

மூன்றாவதுதான் பெரிய பொறி. என் நண்பரின் பேரன் போன பாதையும் அதுதான். கீழே மழை என்றால் மேலே என்ன? அதே மேகம் 2,000 மீட்டருக்கு மேலே புதுப்பனியைக் கொட்டியிருக்கிறது, காற்று அதைச் சுருட்டிக்கொண்டு போய் முகட்டுக்கு மறுபுறம் பாளமாக அடுக்கியிருக்கிறது. பையன்கள் கீழே இறுகிய பனியில் டக்டக்கென்று ஏறுகிறார்கள். "பார், எவ்வளவு உறுதி" என்று மனசில் தைரியம் ஏறுகிறது. அந்தத் தைரியத்தை அப்படியே எடுத்துக்கொண்டு மேலே போய்ப் பாளத்தின்மேல் கால் வைக்கிறார்கள். 30 பாகைக்கு மேல் சாய்ந்த சரிவில் அந்தப் பாளம் உடைவதற்கு ஒரு ஆள் கனம் போதும்.

இப்போது சொல்லுங்கள், "மழை நின்றுவிட்டது" என்பதில் இந்த மூன்றில் எதற்குப் பதில் இருக்கிறது?

மழை நின்ற பிறகு வரும் ஆபத்து புதுவைக்காரர்களுக்குப் புதிதா? 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் நம் தலைமேல் கொட்டியதை யாரும் மறந்திருக்க முடியாது. புயல் கரையைக் கடந்துவிட்டது, இனி பயமில்லை என்று துணி காயப்போட்டோம். டிசம்பர் 1 மாலை திருவண்ணாமலையில் மலை சரிந்து ஒரு வீட்டின்மேல் விழுந்து ஏழு பேர் போனார்கள், அதில் ஐவர் குழந்தைகள். டிசம்பர் 2 விடியுமுன் சாத்தனூர் அணையிலிருந்து திறந்த தண்ணீர் தென்பெண்ணையில் புரண்டு வந்து பாகூர்ப் பக்கத்து ஊர்களை மூழ்கடித்தது. வானம் ஓய்ந்த பிறகும் மேலிருக்கும் தண்ணீர் கீழே வந்துதான் தீரும். மண்ணுக்கும் ஆற்றுக்கும் ஒப்புக்கொள்கிற இந்த நியாயத்தைப் பனிக்கு மட்டும் ஏன் மறுக்கிறோம்?

அடுத்தது, "ஆபீஸ்காரன் தலையைக் காப்பாத்திக்க எழுதுற காகிதம்" என்ற குற்றச்சாட்டு. பிரெஞ்சுக்காரர்களிடமும் இதற்கு ஒரு பேச்சு உண்டு, 'குடையை விரிக்கிறான்' என்பார்கள். பின்னால் பழி வந்தால் தன்மேல் படாமல் இருக்க முன்கூட்டியே ஒரு எச்சரிக்கை எழுதி வைத்துவிடுவதாம். நான் குமாஸ்தாவாக இருந்தவன். அப்படிக் குடை விரித்த குறிப்புகளை நானே எத்தனையோ எழுதியிருக்கிறேன், வாசனையிலேயே கண்டுபிடிப்பேன். பனிச்சரிவு அறிக்கை அந்த ஜாதி இல்லை. பயந்து எழுதுகிறவன் தினமும் ஐந்து என்று போட்டுவிட்டுப் போவான். இவர்கள் 1, 2, 3, 4, 5 என்று ஐந்து படி வைத்திருக்கிறார்கள். 1993 முதல் ஐரோப்பா முழுக்க அதே ஐந்து படிகள்தான். ஐந்தாம் படியைக் குளிர்காலத்தில் அபூர்வமாகத்தான் பார்க்கலாம். எந்த உயரத்துக்கு மேல், எந்தத் திசைச் சரிவில், தானாக இறங்குமா ஆள் மிதித்தால் இறங்குமா, காலையிலா பிற்பகலிலா என்று அந்த எண்ணுக்குக் கீழே எழுதியிருக்கும். நம் பிள்ளைகள் எண்ணைப் பார்த்துவிட்டு மூடிவிடுகிறார்கள். "மூணுதான் தாத்தா, நடுவுல இருக்கு" என்கிறார்கள். பரீட்சை மார்க்கா அது, நடுவில் இருந்தால் பாஸ் என்று சொல்ல? நாலிலும் ஐந்திலும் பெரும்பாலோர் வீட்டில் இருந்துவிடுகிறார்கள். மூன்றில்தான் துணிந்து போகிறார்கள், ஆல்ப்ஸில் அதிகம் பேர் சாவதும் அந்த மூன்றில்தான்.

இந்தக் காகிதம் எப்படி வந்தது என்பதையும் என் நண்பர் தெரிந்துகொள்ள வேண்டும். 1970 பிப்ரவரி 10 காலை, வால் திசேர் என்ற ஊரில் விடுதிச் சாப்பாட்டுக் கூடத்தில் இளைஞர்கள் காலை உணவுக்கு உட்கார்ந்திருந்தபோது பனி உள்ளே புகுந்தது. 39 பேர் இறந்தார்கள். இரண்டு மாதம் கழித்து ஏப்ரலில் பிளாத்தோ தாஸி என்ற இடத்தில், ஈரம் ஊறிய மலைச்சரிவு இரவோடு இரவாக இறங்கி ஒரு சானடோரியத்தின்மேல் விழுந்தது. எழுபதுக்கு மேற்பட்டவர்கள் மாண்டார்கள், பெரும்பாலோர் அங்கே சிகிச்சைக்கு வந்திருந்த குழந்தைகள். எனக்கு அப்போது இருபது வயது ஆகவில்லை. வாசகசாலையில் பல நாள் பழசான பிரெஞ்சுப் பத்திரிகையில் அந்தச் செய்தியைப் படித்தது இன்னும் நினைவிருக்கிறது. அடுத்த ஆண்டே கிரனோபிளில் பனியையும் பனிச்சரிவையும் ஆராய்வதற்கென்று தேசிய சங்கம் ஒன்றை ஆரம்பித்தார்கள். இன்றைக்கு என் நண்பர் இளக்காரமாகப் பேசும் அறிக்கைகள் இப்படிப்பட்ட சாவுகளைப் பார்த்த நாட்டில் வளர்ந்தவை.

இனி நான் எழுத வேண்டாமென்று இத்தனை வருடம் தள்ளி வைத்திருந்த ஒன்றை எழுதுகிறேன். இல்லையென்றால் நண்பரைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை.

எழுபதுகளின் கடைசி. நான் ஓர் அலுவலகத்தில் இளநிலை எழுத்தர். மழைக்காலத்தில் மேலே ஆற்றில் தண்ணீர் கூடினால் தொலைபேசியில் செய்தி வரும். அதைத் தாளில் எழுதி, மேலாளரிடம் கையெழுத்து வாங்கி, கரையோர ஊர்களுக்கு ஆள் அனுப்ப வேண்டும். ஒரு நாள் மதியம் அப்படி ஒரு செய்தி வந்தது. எழுதிக்கொண்டு எழுந்தபோது ஜன்னலுக்கு வெளியே பளீரென்று வெயில். மேலாளர் வீட்டுக்குப் போய்விட்டிருந்தார். மழைதான் நின்றுவிட்டதே, காலையில் தபாலோடு போகட்டும் என்று தட்டில் வைத்துவிட்டு நானும் சைக்கிளை எடுத்தேன். அதற்கு முன்னால் ஏழெட்டு முறை அப்படி வைத்திருக்கிறேன். ஒன்றும் ஆனதில்லை.

அன்று இரவு தண்ணீர் வந்தது. ஆள் சேதம் இல்லை. கரையோரக் குடும்பம் ஒன்றின் இரண்டு பசுக்களும் ஒரு கன்றும் கட்டுத்தறியிலேயே போய்விட்டன. ஒரு வாரம் கழித்து அந்த வீட்டுப் பெரியவர் நிவாரணத்துக்கு மனு எழுதத் தெரியாமல் என் மேஜைக்கு வந்தார். நான்தான் எழுதிக் கொடுத்தேன். "கயித்தையாவது அவுத்து விட்டிருப்பேன் சாமி, யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருந்தா" என்றார். அந்த வார்த்தை எழுதிய தாள் அவர் கைக்கு ஒரு முழம் தள்ளி என் தட்டில் இருந்தது. அவர் என் கையைப் பிடித்து நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

அந்த ஏழெட்டு முறை ஒன்றும் ஆகாதது எனக்குப் பாடம் கற்பிக்கவில்லை, கெட்ட பழக்கத்தைத்தான் கற்பித்தது. பனிமலையும் அப்படித்தான். தப்பான சரிவில் ஏறிவிட்டுத் திரும்பி வருகிறவனிடம் மலை "இன்றைக்கு நூலிழையில் பிழைத்தாய்" என்று சொல்லி அனுப்புவதில்லை. அவன் தன் சாமர்த்தியம் என்று நினைத்துக்கொள்கிறான். அடுத்த முறை இன்னும் கொஞ்சம் செங்குத்தாக, இன்னும் கொஞ்சம் தாமதமாகப் போகிறான்.

இதற்குச் சிலர் சொல்லும் பதில்கள் எனக்குத் தெரியும். "எல்லாம் தலையெழுத்து." தலையெழுத்தை நம்புகிறவர்கள் ரெயில்வே கேட் மூடியிருந்தால் குனிந்து போகிறார்களா? "அவனிடம் கருவி இருக்கிறது." இருக்கட்டும். ஆள் புதைந்தால் இடத்தைக் காட்டும் டி.வி.ஏ., குத்திப் பார்க்கும் கம்பி, மண்வெட்டி மூன்றும் அவசியம்தான். ஆனால் பத்து, பதினைந்து நிமிடத்துக்குள் தோண்டி எடுத்தால்தான் உயிர் பிழைக்க நல்ல வாய்ப்பு, அதற்குப் பிறகு வேகமாகக் குறைகிறது. புதுப்பனி கன மீட்டருக்கு 100 கிலோ அளவில் இருக்கும். நனைந்து சரிந்து நின்ற பனி 400, 500 கிலோ. சிமெண்டு போல இறுகியதை மூன்று பையன்கள் எவ்வளவு வேகத்தில் தோண்டுவார்கள்? "இளவயசு, அப்படித்தான் இருக்கும்." ஆமாம். அதனால்தானே வயதானவர்கள் வீட்டுக்கு ஒருவராவது இருக்கிறோம்?

கோடையிலும் இந்தக் கதை முடிவதில்லை. 2024 ஜூனில் கிரனோபிளுக்கு அப்பால் உள்ள லா பெரார்த் என்ற மலைக்குக்கிராமத்தில் பெருமழையும் உருகும் பனியும் சேர்ந்து ஓடையைப் பெருக்கி, கல்லும் மண்ணுமாக ஊருக்குள் புகுந்து வீடுகளை அடித்துப் போனது. நூறு பேர் வரை ஹெலிகாப்டரில் ஏற்றி வெளியேற்ற வேண்டியதாயிற்று. ஜூன் மாதத்தில் பனி எங்கே என்று கேட்பவர்களுக்காகச் சொல்கிறேன்.

மலைக்கே போகாதே என்று பேரப்பிள்ளைகளைக் கட்டிப்போடச் சொல்லவில்லை. சொன்னாலும் கேட்கமாட்டார்கள். "பத்திரமா போயிட்டு வா" என்பதை மட்டும் கொஞ்சம் மாற்றுங்கள் என்கிறேன். அதற்குப் பதில் சொல்ல அவர்கள் யோசிக்க வேண்டியதில்லை, "சரி தாத்தா" என்று சொல்லிவிடலாம். கேள்வியாகக் கேளுங்கள். எத்தனை மீட்டர் வரைக்கும் மழை பெய்தது? அதற்கு மேலே என்ன பெய்தது, காற்று எப்படி? ராத்திரி உறைந்ததா? எத்தனை மணிக்குள் கீழே இறங்கிவிடுவீர்கள்? அறிக்கையில் எண்ணுக்குக் கீழே என்ன எழுதியிருக்கிறது, எனக்குப் படித்துக் காட்டு. நமக்குப் பனியைப் பற்றி ஒன்றும் தெரிய வேண்டாம். படித்துக் காட்டச் சொன்னாலே போதும், படிக்கும்போது அவன் காதிலும் விழும். திரும்பி வந்துவிட்டேன், பாதியிலேயே இறங்கிவிட்டேன் என்று சொன்னால், பயந்தாங்கொள்ளி என்று சிரிக்காமல் நன்றாகச் செய்தாய் என்று சொல்லுங்கள். மழைக்குப் பின் ஓரிரு நாள் பொறுத்தால் அந்த மலை எங்கும் ஓடிப்போகாது.

என் நண்பர் நான்கு நாளாகக் கடற்கரைக்கு வரவில்லை. வேறு பக்கம் நடக்கிறார் என்று கேள்வி. இதைப் படிப்பார் என்று எனக்குத் தெரியும், கண்ணாடி இல்லாவிட்டால் மருமகளைப் படிக்கச் சொல்லியாவது கேட்பார். முசியே, பையன் அடுத்த சனிக்கிழமையும் போகிறான் என்று நீயே சொன்னாய். வெள்ளிக்கிழமை மாலை அங்கே நாலு மணிக்கு அறிக்கை வரும். நமக்கு இரவு எட்டரை. எழுத்துச் சிறியது, என் வீட்டுக்கு வா, இரண்டு பேரும் சேர்ந்து படித்துவிட்டு அவனைக் கூப்பிடுவோம்.